மாத்திப் பிடிச்ச பிள்ளை

எங்க ரப்பர் எஸ்டேட்டுல அம்மை குத்துற அன்னிக்குத் தாய்மாருங்க பிள்ளைங்களை மாத்திக்குவோம். ஒருத்தி பிள்ளையை இன்னொருத்திதான் பிடிக்கணும். பெத்தவ பிடிச்சா, வலிக்க வெச்சவ இவதான்னு பிள்ளை மனசுல பதிஞ்சிடுமாம், அப்புறம் மடிக்கே வராதாம். எவ கிளப்பிவிட்ட கதையோ, அவ வாயில மண்ணு விழ. லூனாஸ் பக்கம் வேற எஸ்டேட்டுல இப்படிச் செஞ்சதா நான் கேள்விப்பட்டதே இல்ல. எங்க லயத்து வரிசை வீடுங்கள்லதான் இந்தக் கூத்து.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடிச்சு ஆண்ட காலத்துலதான் என் மூத்தவன் பிறந்தான். அவன் வயித்துல இருக்கும்போதே அவன் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோயிட்டாங்க. அரிசியைக் கண்ணால பார்க்கிறதே அபூர்வம். எந்நேரமும் மரவள்ளிக்கிழங்குதான். அப்படியும் எனக்குப் பால் குறையல. அந்த ஒண்ணுல மட்டும் கடவுள் கஞ்சத்தனம் பண்ணல. என் பிள்ளை குடிச்சுக் குடிச்சு மார்லயே தூங்கிடுவான்.

பக்கத்து வீட்டுக்காரிக்கும் அப்பத்தான் ஆம்பளப் பிள்ளை பிறந்திருந்துச்சு. பாவம், காய்ச்சல்ல கிடந்து எழுந்தவளுக்குப் பால் வத்திப் போச்சு. கிழங்குக் கஞ்சியைத் துணியில நனைச்சுப் பிள்ளை வாயில வைப்பா. கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேன். ரோஷக்காரி, கேக்கல.

சுத்துவட்டாரத்துல அம்மை கண்டிருக்கு, கைப்பிள்ளைங்களுக்கும் குத்தணும்னு உத்தரவு வந்துச்சு. வேலைக்குப் போறவங்க பிள்ளைங்களை விட்டுட்டுப் போற ஆயாக்கொட்டகையில டிரசர் பெஞ்சியைப் போட்டு உக்காந்தார். எஸ்டேட் ஆஸ்பத்திரியில டாக்டரு, கம்பவுண்டரு எல்லாமே எங்களுக்கு அவர்தான். நல்ல மனுசர். ஆனா ஊசி மழுங்கிக் கிடந்துச்சு, புதுசுக்கு அந்தக் காலத்துல எங்க போவார்? கையில மருந்தை விட்டு, அது மேலயே கீறு கீறுன்னு கீறணும்.

என் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரிகிட்ட குடுத்துட்டு அவ பிள்ளையை நான் வாங்கினேன். குடுக்கும்போதே கையை விடாம, “என் பிள்ளையை நானே வெச்சுக்கிறேனே”ன்னேன். வரிசையில நின்னவளுங்க விட்டாளுங்களா? “ஏண்டி, உன் பிள்ளை என்ன தங்கத்துல செஞ்சதா?”ன்னு ஒருத்தி கேட்டா. எல்லாரும் சிரிச்சாளுங்க. நானும் சேர்ந்து சிரிச்சுத் தொலைச்சேன்.

முதல்ல என் மடியில இருந்தவனுக்குத்தான் முறை. பசி தாங்காம அவன் என் ரவிக்கையை மோந்து மோந்து வாயைத் திறந்தான். யோசிக்கவே இல்ல, எடுத்துக் குடுத்துட்டேன். டிரசர் கீறும்போது உடம்பை ஒருதரம் உதறினான், அவ்வளவுதான், திரும்பக் குடிக்க ஆரம்பிச்சுட்டான். “அட, இவன் அழவே இல்லையே!”ன்னார் டிரசர்.

அடுத்தது என் மகன். ஊசி பட்டதும் வீல்னு கத்தினான். மூச்சு நின்னு, முகம் நீலம் பாரிச்சு, மறுபடியும் கத்தினான். அவளும் தட்டினா, முத்தம் குடுத்தா, வெறும் மாரைக்கூடக் குடுத்துப் பார்த்தா. அவன் துப்பிட்டான். அவளுக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அவளை நான் ஒரு நாளும் குத்தம் சொல்லமாட்டேன்.

என்ன குடுத்தா வலி அடங்கும்னு இப்பத்தானே என் கண்ணால பார்த்தேன்! ஓடிப்போய் அவனை வாங்கியிருக்கணும். ஆனா பட்டினி கிடந்த பிள்ளை வாயில வெச்சதை எப்படிப் பிடுங்குறது? மகன் குரல் கேட்டு மறு பக்கத்து மார்ல பால் தானா வடிஞ்சு சேலையெல்லாம் நனைஞ்சிடுச்சு. அப்படியே உக்காந்திருந்தேன், பாவி.

டிரசர் வேலையை முடிச்சப்புறம்தான் அவன் என் கைக்கு வந்தான். தூக்கத்துலயும் விம்மிக்கிட்டே இருந்தான். கொஞ்ச நாள்ல மலேரியாக் காய்ச்சல் வந்துச்சு. கொயினா மாத்திரை எங்கயும் கிடைக்கல. அவனைக் குழியில வைக்கும்போது கையில அம்மை குத்தின பொருக்குகூட உதிரல.

காய்ச்சலை நான் தடுத்திருக்க முடியாது. ஜப்பான்காரன் சண்டையையும் நிறுத்தியிருக்க முடியாது. அந்த வலி ஒண்ணைத்தான் என்னால குறைச்சிருக்க முடியும். அதுக்கு மருந்தும் என்கிட்டயே இருந்துச்சு, ஐயோ.

சண்டை முடிஞ்சு, சயாமுக்குப் போன என் வீட்டுக்காரர் எப்படியோ உயிரோட வந்து சேர்ந்தார். அப்புறம் பிறந்த பிள்ளைங்களை அம்மை குத்தும்போது நான் யார் கையிலயும் குடுக்கல. மார்ல போட்டுக்கிட்டே பிள்ளை கையை நீட்டிக் காட்டினேன். “ஏம்மா, பிள்ளையை மாத்தலையா?”ன்னு டிரசர் கேட்டார். “உங்க வேலையைப் பாருங்கய்யா”ன்னுட்டேன். ஒண்ணுகூடப் பெருசா அழல.

பக்கத்து வீட்டுப் பையன் வளர்ந்து கூலிம்ல லாரி ஓட்டினான். தீபாவளிக்கு வந்தா சின்னம்மா சின்னம்மான்னு என்னைத்தான் சுத்துவான். ஒரு வருசம் சட்டைக் கையை மேல தூக்கித் தழும்பைக் காட்டினான்.

“சின்னம்மா, இது குத்தும்போது நான் அழவே இல்லையாமே? அம்மா சொல்லிச்சு.”

முகத்துல அப்படி ஒரு பெருமை.

“ஆமாய்யா, நீ அழல”ன்னு சொல்லிட்டு அவன் தட்டுல இன்னொரு முறுக்கை வெச்சேன். அன்னிக்கு யார் அழுதான்னு அவன் கேக்கல.