கல்தாக் கேட்காமல் விட்டது

கல்தாக் என் தங்கை லெய்மாராவைக் கட்டியவன். பேச்சு குறைவு, சாப்பாடு அதிகம். படகு ஓட்டுவதில், பசிபிக் கடல் நடுவே கிடக்கிற எங்கள் தீவில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதை அவன் முகத்துக்கு நேராக நான் ஒருநாளும் சொன்னதில்லை.

பதினோரு வருஷம் அவன் ஆஸ்பத்திரிப் படகை ஓட்டினான். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு அறை, ஒரு கட்டில், தகரக் கூரை, ஒரு நர்ஸ். அந்த நர்ஸ்தான் லெய்மாரா. கரையோரமாக ஆறு கிராமம். எதில் யாருக்கு வலி எடுத்தாலும் இவன் எஞ்சினைக் கிளப்புவான், அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள். போகும்போது சண்டை.

"மெதுவாப் போயேன், பெட்டி நனையுது!"

"மெதுவாப் போனா நமக்கு முன்னாடி புள்ளை வந்துடும்!"

கரையில் நிற்கிற எங்களுக்குக் கேட்கும்படி கத்திக்கொண்டு போவார்கள். திரும்பி வரும்போது சத்தமே இருக்காது. அவன் முதுகில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வருவாள் அவள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆறு கிராமத்துப் பிள்ளைகளும் அவள் கையில்தான் விழுந்தன.

படகு, எஞ்சின், பெட்ரோல், அவள் சம்பளம் எல்லாம் ஆஸ்திரேலியா கொடுத்த உதவி. ஒரு வருஷம் காகிதம் வந்தது. அந்த நாட்டில் எது முக்கியம் என்பது மாறிவிட்டதாம். இனிமேல் கப்பல் வந்து ஒட்டி நிற்கக் கடல்பாலம், போலீஸ் படகு, வெளிநாட்டு வேலைக்குப் பயிற்சி, இவைதான் முதலில். சின்னத் தீவு ஆஸ்பத்திரி பட்டியலில் இல்லை. எங்கள் அரசாங்கத்தைக் கேட்டோம். அவர்கள் கையை விரித்தார்கள். கல்தாக் படகைக் கரையேற்றித் தென்னோலை போட்டு மூடினான்.

லெய்மாரா ஆறு மாதம் சும்மா இருந்து பார்த்தாள். சும்மா இருக்கத் தெரியாதவள். பிறகு தலைநகரில் அதே உதவிப் பணத்தில் நடந்த பள்ளியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற படிப்பைப் படித்து, ஆஸ்திரேலியாவுக்கே போய்விட்டாள். மூன்று வருஷ ஒப்பந்தம். பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள் இப்போது அங்கே கிழவர்களுக்குக் கஞ்சி ஊட்டுகிறாள்.

தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும்தான் எங்களுக்குப் போன் சிக்னல் கிடைக்கும். தினமும் நாலு மணிக்கு அவளோடு பேசக் கல்தாக் அங்கே ஏறுவான். மழை, புயல் எச்சரிக்கை, சாவு வீடு, எதுவும் அவனைத் தடுக்காது. ஒருநாள் லைன் கிடைக்காவிட்டால் மறுநாள் நாலு மணிவரை அவனிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது.

மூன்றாம் வருஷம், நான் பலகை இழைத்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"டிசம்பரோட ஒப்பந்தம் முடியுதாம் மச்சான். இன்னும் நாலு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்களாம்."

"போடுவாளா?"

"ஆஸ்பத்திரியத் திறந்தா வந்துடறேங்கறா. திறக்கலன்னா அங்க வந்து என்ன பண்ண, உன் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு உட்காரவாங்கறா."

"நியாயம்தானே. அந்த மூஞ்சிய எத்தனை நாள் பார்க்கறது?"

அவன் சிரிக்கவில்லை. இழைப்புச் சுருள் ஒன்றை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான்.

அடுத்த மாதம் சேதி வந்தது. உதவிப் பணம் கொடுக்கிற இடத்திலிருந்து இரண்டு பேர் வருகிறார்களாம், ஊருக்கு முதலில் எது வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போக. கல்தாக்குக்கு உயிர் வந்தது. ஓலையை எடுத்தெறிந்தான். படகைச் சுரண்டினான், பெயிண்ட் அடித்தான். சாப்பாட்டுப் பொறுப்பு எனக்கு என்று ஊர்த் தலைவரிடம் போய்த் தானாகவே வாங்கிக்கொண்டான். தன் பன்றியை அடித்தான். சேனையைத் துருவித் தேங்காய்ப்பால் ஊற்றி, இலையில் பொதிந்து, சுடுகல்லில் வேகவைத்தான். அங்கேதான் கெட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. விருந்தாளி கையில் இல்லாததை அவரிடம் கேட்கக் கூடாது. கேட்டால் அவர் இல்லை என்று சொல்லவேண்டி வரும். வந்தவரைச் சபை நடுவே 'இல்லை' என்று சொல்லவைப்பது அவர் துணியை உருவுவது மாதிரி. அதிலும் சாப்பாடு போட்டவன் கேட்கவே கூடாது.

வந்தவர்களில் ஒருத்தர் மோரின் என்ற அம்மா, ஐம்பது வயதிருக்கும். இன்னொருவர் இன்ஜினியர். மூன்று கால் கருவி ஒன்றைத் தூக்கிவந்து, காலை முழுக்கக் கடலை அளந்தார். ஊர் முழுக்க அதைப் பார்த்தது.

சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் உட்கார்ந்தோம். அந்த அம்மா எங்கள் பாஷையிலேயே கேட்டார்கள்.

"உங்களுக்கு முதல்ல எது வேணும்? மனசுல இருக்கறதச் சொல்லுங்க."

தலைவர் மூலையில் சாய்த்திருந்த கருவியை ஒரு பார்வை பார்த்தார்.

"கடல்பாலம் வேணும்மா."

அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள். வாழ்நாளில் கப்பலுக்கு மூட்டை கட்டாத கிழவன்கூடப் பாலம் என்றான். கல்தாக்கின் விலாவில் இடித்தேன். எழுந்தான்.

"பாலம் நல்லது" என்றான்.

அந்த அம்மா விடவில்லை. "ஆஸ்பத்திரி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

உட்கார்ந்துவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏண்டா, வாயில என்ன கொழுக்கட்டையா? அதுக்குத்தானே பன்னிய அடிச்ச?"

"சும்மா இரு மச்சான். அவங்க கையில அளக்கற கருவிதான் இருக்கு. நர்ஸா இருக்கு? என் சாப்பாட்டத் தின்னவங்க என் முன்னாடி தலை குனியணுமா?"

அவர்களை விமானத் திடலுக்குப் படகில் கொண்டுவிடும் வேலையும் அவனுக்குத்தான். பெட்ரோல் அவர்களே கொடுத்தார்கள். தண்ணீர் இறைக்க நானும் ஏறினேன். பின்னிய பாய் ஒன்றை மடியில் வைத்து வழியனுப்பி, படகு பவளப்பாறை வரிசையைத் தாண்டிவிட்டால் விருந்து முடிந்தது என்று கணக்கு. பாறையைத் தாண்டினான் கல்தாக். எஞ்சினை அணைத்தான்.

அந்த அம்மா பயந்துபோனார்கள். "கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா. பேசணும்."

பேசினான். என் தங்கையைப் பெண் கேட்டு வந்த அன்றுகூட அவ்வளவு பேசியதில்லை. பெட்டி, எஞ்சின், ஆறு கிராமம், மூடிக் கிடக்கிற கட்டில், போன மழைக்காலத்தில் வழியிலேயே உயிர் விட்ட ஒரு பெண், டிசம்பர், கையெழுத்து எல்லாம் சொன்னான். அலை படகைத் தாலாட்டிக்கொண்டிருந்தது.

"அங்க நான் கேட்டேனே. நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அப்போ நீங்க எங்க வீட்டுல இருந்தீங்க."

"இப்போ?"

"இப்போ கடல்ல இருக்கீங்க."

இன்ஜினியர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து எழுதினார்கள்.

"நீங்க சொன்னதையும் எழுதிட்டேன். ஆனா உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். ஊரே பாலம்னு சொல்லி, தலைவர் கையெழுத்தும் போட்டாச்சு. ஆஸ்பத்திரி இந்த வருஷப் பட்டியல்ல கிடையாது. பட்டியல் போடறது நான் இல்ல." நோட்டை மூடிவிட்டு, "உங்க மனைவி அங்க சந்தோஷமா இருக்காங்களா?" என்று கேட்டார்கள்.

கல்தாக் கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பினான். மூன்று வருஷமாக எப்போ வர்றே, எப்போ வர்றே என்று மட்டும்தான் அவளைக் கேட்டிருக்கிறான்.

மறுநாள் நாலு மணிக்கு நானும் கூடவே மேட்டுக்கு ஏறினேன். எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான். பாலம் நல்லது என்று தான் சொன்னதை முதலில் ஒப்புக்கொண்டான். அந்தப் பக்கம் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சாப்பாடு போட்டுட்டுக் கேட்க முடியுமா?"

"லெய்மாரா, அங்க நீ சந்தோஷமா இருக்கியா?"

சிரிப்பு நின்றது. லைன் அறுந்துவிட்டதோ என்று போனைத் தூக்கிப் பார்த்தான்.

"வேலை பிடிச்சிருக்கு. ஒரு கிழவனுக்கு என் பேரைத் தவிர வேற எதுவும் ஞாபகம் இல்ல. காலையில நான் போகலன்னா சாப்பிட மாட்டான்." குரல் இறங்கியது. "படகுல உன் முதுகு சூடா இருக்கும்ல, அது இங்க இல்ல. ரெண்டையும் ஒரே ஊர்ல வைக்க யாரும் பணம் தரல. நான் என்ன பண்ணட்டும், நீ சொல்லு."

வா என்று அவன் சொல்லியிருந்தால் வந்திருப்பாள். எனக்கு அவளைத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"கையெழுத்துப் போடு" என்றான்.

பாலம் வந்துவிட்டது. பலகை வேலை முழுக்க என் கை. நல்ல பாலம், குறை சொல்ல மாட்டேன். மாதம் இரண்டு தடவை கப்பல் ஒட்டி நிற்கிறது, ஜனங்கள் கால் நனையாமல் இறங்குகிறார்கள். லெய்மாராவுக்கு வருஷத்தில் இரண்டு வாரம் லீவு, சேனை அறுப்புக்கு விமானத்தில் வந்து போகிறாள். கப்பலில் வருகிறவள் இல்லை. அப்படியும் ஒவ்வொரு கப்பலுக்கும் கல்தாக்தான் முதல் ஆளாகப் பாலத்தின் முனையில் போய் நிற்கிறான். ஏண்டா என்று கேட்டால், கயிறு பிடிக்க ஆள் வேண்டாமா என்கிறான். கயிறு பிடிக்கச் சம்பளத்துக்கு மூன்று பேர் இருக்கிறார்கள். நானும் மேலே கேட்பதில்லை.