ஸ்லக்கிஷ் என்று எழுதிவிட்டார்

நான் கண்டக்டராக இருந்த மினி பஸ்ஸை எஃப்.சி.க்குக் காட்டினோம். பிரேக் இன்ஸ்பெக்டர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து எட்டயபுரம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்விட்டு வந்தார். இறங்கியதும் தாளில் ஆங்கிலத்தில் ஸ்லக்கிஷ் என்று எழுதி, சரிசெய்து கொண்டுவரச் சொல்லிவிட்டார். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று இல்லாமல் ஆள் ஏற்றி ஓட்டக் கூடாது.

கிராமங்களுக்கு மினி பஸ் விட ஆரம்பித்த புதிது. கோவில்பட்டியில் கிளம்பி, கரிசல் காட்டுக்குள் திரும்பி நாலைந்து ஊர்களைச் சுற்றிவருவோம். முதலாளி காதர் பாய்க்கு பஜாரில் பாத்திரக்கடை. டிரைவர் பேச்சிமுத்து அண்ணாச்சி. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தீப்பெட்டி ஆபீஸ், பம்பாய் ஓட்டல், ஆந்திராவில் ஆழ்குழாய்க் கிணறு போடும் போர் லாரி என்று சுற்றியதில் எங்கேயும் ஒரு வருஷம் தங்கவில்லை. போர் லாரியில் இரும்புக் குழாய்களின் மேல் சாக்கை விரித்துத் தூங்கியவனுக்கு, தினமும் வீட்டுக்குப் போக முடிகிற இந்த வேலையை விட மனமில்லை.

மெக்கானிக் டீசல் பில்டரை மாற்றினார், நாசிலைக் கழற்றிப் பார்த்தார், பம்ப்பைச் சோதித்தார். "வண்டி குதிர மாதிரி நிக்கி. இதுக்கு மேல என்னத்தக் கழட்ட?" என்றார். மறுபடி காட்டினோம். மறுபடியும் அதே வார்த்தை.

பாய் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு வாட்டி திரும்பி வந்துச்சுன்னா வித்துப்போட்டு கடைய மட்டும் பாத்துக்கிடுதேன். அண்டா குண்டானுக்கு எவனும் எஃப்.சி. கேக்க மாட்டான்" என்றார்.

எங்கள் வண்டியில் பள்ளிக்கூடம் போகும் டீச்சர், பஸ் எப்போது ஓடும் என்று கேட்க அப்போது கடைக்கு வந்தார். நான் தாளை நீட்டி அர்த்தம் கேட்டேன்.

"ஸ்லோன்னா சும்மா மெதுவா போறது. ஆமைய அப்படிச் சொல்லலாம், அதோட வேகமே அவ்வளவுதான். ஸ்லக்கிஷ்னா போக வேண்டிய வேகத்துக்கு எழும்பி வராம மசமசன்னு கெடக்கது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெறகு என் ஆறாம் கிளாஸ் இருக்கே, அது மாதிரி. ஏவாரத்துக்குக்கூட அப்படிச் சொல்லுவாங்க."

"அப்ப இந்தக் கடைக்கும் அதையே எழுதலாம்" என்றார் பாய்.

போகிற தெம்பு இருந்தும் எழும்பவில்லை என்றால், எழும்ப விடாமல் ஏதோ பிடிக்கிறது என்று எனக்குப் பட்டது. அன்று சாயங்காலம் அண்ணாச்சியை அதே ரோட்டில் ஓட்டச் சொல்லி, இன்ஸ்பெக்டர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வண்டி நன்றாக எழும்பி வந்தது. வேப்பமரத்தடியில் ஒரு பெண் கை காட்டினாள். அண்ணாச்சியின் கால் ஆக்சிலேட்டரிலிருந்து மேலே வந்துவிட்டது. கொஞ்சம் தள்ளி ஆடு மேய்க்கிறவர் ஆட்டைத் திருப்பக் கம்பைத் தூக்கினார். அதற்கும் கால் மேலே வந்தது.

"அண்ணாச்சி, கால ஏன் எடுக்கீக?"

"நானா? எங்கலே எடுத்தேன்?"

எங்கள் ரூட்டில் ஸ்டாப் என்று தனியாகக் கிடையாது. யார் எங்கே கை காட்டினாலும் அதுதான் ஸ்டாப். அவர் கால் அதற்குப் பழகிவிட்டது. அவருக்கே தெரியவில்லை.

"டெஸ்ட் அன்னிக்கு எவரு கை காட்டுனாலும் பாக்காதீக."

"கண்ணக் கட்டிக்கிட்டா ஓட்டச் சொல்லுத?"

காலுக்குப் புத்தி சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கால் விசிலுக்கும் பழகியிருந்தது. ஒரு விசில் அடித்தால் நிற்கும், ரெண்டு அடித்தால் கிளம்பும். மூன்றாவது டெஸ்ட்டுக்கு நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். ரோட்டோரம் ஒரு கை உயர்ந்தது. ரெண்டு விசில் அடித்தேன். மேலே வரப் பார்த்த கால் அப்படியே கீழே இறங்கியது. வண்டி பாய்ந்ததில் இன்ஸ்பெக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"யாருப்பா அது? ஆளே இல்லாத பஸ்ல எவனுக்கு விசில்?"

"பழக்கம் சார்."

அடுத்த கை. ரெண்டு விசில். அதற்கடுத்த கைக்கும் அடித்தேன். "போதும்ப்பா, திருப்பு! நான் பிள்ளகுட்டிக்காரன்" என்றார் இன்ஸ்பெக்டர். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மறுநாள் முதல் டிரிப்பில், வேப்பமரத்தடியில் கத்திரிக்காய்க் கூடையோடு ஓர் அம்மா ஏறினார்.

"ஏலே, நேத்து நான் கை காட்டக் காட்ட, மூஞ்சியப் பாத்துக்கிட்டே விசில் ஊதுனியே. கண்ணு அவிஞ்சா போச்சு?"

"வேகமாப் போனாத்தான் இன்ஸ்பெக்டர் பாஸ் போடுவாரும்மா."

"அவர ஒரு நா இந்தக் கூடையத் தூக்கிக்கிட்டு வெயில்ல நிக்கச் சொல்லு. வண்டி எப்படிப் போகணும்னு அவரே எழுதித் தருவாரு."

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். வண்டி எழும்பவில்லை என்றால், நாசிலைக் கழற்றும் முன் டிரைவரின் காலைப் பாருங்கள். அண்ணாச்சியின் கால் அன்றைக்கே பழையபடி மேலே வந்துவிட்டது. அதைச் சரிசெய்யச் சொல்லி நானும் கேட்கவில்லை, பாயும் கேட்கவில்லை.