பிரேக்கில் புகுந்த காற்று

அன்று விளாங்குடி வீட்டில் இருந்தவர்கள் மூன்றே பேர். என் வாடகைக் காருக்கடியில் நான், வாசற்படியில் நிறைமாதமாக இருந்த என் மனைவி, சாயங்காலம் வந்து சேர்ந்த மிஷன் பள்ளி வாத்தியார். மறுநாள் விடியற்காலை அவரையும் அவர் மகளையும் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கே ஹாஸ்டலில் மகளைச் சேர்க்கிறார். மலை ஏறுவது பெரிதில்லை. இறங்கும்போது பிரேக் பிடிக்க வேண்டும்.

பிரேக்குக்கு ரப்பர் மாற்றியதில் குழாய்க்குள் காற்று புகுந்திருந்தது. ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து காற்றை வெளியேற்றுவதுதான் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை, ஆள் கிடைக்கவில்லை; வாத்தியாரும் அப்போது வந்திருக்கவில்லை. தான் மிதிப்பதாக மனைவி சொன்னாள். கார் நகர்ந்துவிட்டால்? அந்த வயிற்றோடு அவளை ஏற்ற மனம் வரவில்லை.

திருகில் சைக்கிள் வால்டியூப் ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைப் பிரேக் ஆயில் ஊற்றிய மருந்து பாட்டிலில் முக்கிவிட்டு, நானே ஏறி மிதித்தேன். இறங்கிப் பார்த்தேன். மறுபடி ஏறினேன். குமிழ் குமிழாகக் காற்று வந்தது. ஆயில் விற்கிற விலையில் கீழே கொட்டவா முடியும்? பாட்டிலில் சேர்ந்ததை மேலே பிரேக் ஆயில் டப்பாவிலேயே ஊற்றிக்கொண்டிருந்தேன். வெயில் சாய்ந்தும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது.

"ஏங்க, அந்த நுரையத்தான திரும்பத் திரும்ப ஊத்துறீக? மோரா கடையிறீக?" என்றாள் மனைவி.

பாட்டிலைக் கீழே வைத்தேன். எடுத்த காற்றையெல்லாம் நானே உள்ளே அனுப்பியிருக்கிறேன். மிச்சமிருந்த புது ஆயிலை ஊற்றி மறுபடி செய்தேன். பெடல் கெட்டியானது. ஆனால் மிதித்தபடியே காலை வைத்திருந்தால், அடியில் யாரோ இழுப்பதுபோல மெல்ல இறங்கியது.

வாத்தியாரை ஏற்றித் தெருமுனை வரை ஓட்டிக் காட்டினேன்.

"நல்லாத்தானப்பா நிக்குது?"

"இங்க நிக்குது சார். மலையில நிக்கும்னு சொல்ல முடியாது."

"நாளைக்குப் போகலைன்னா பிள்ளைக்கு இடம் போயிரும். இனிமே வேற வண்டிக்கு நான் எங்கய்யா போவேன்?"

"வளைவுல பெடல் இறங்குச்சுன்னா நான் என்ன சார் செய்வேன்? பாப்பா பின்னாடி உக்காந்திருக்கும்."

"பயந்தாங்கொள்ளிக்கு எதுக்குய்யா டாக்ஸி?"

அவர் தந்த ஐம்பது ரூபாய் அட்வான்ஸ் ரப்பருக்கும் ஆயிலுக்கும் போயிருந்தது. மனைவி அடுப்படி டப்பாவைத் துழாவிப் பதினைந்து ரூபாய் கொண்டுவந்தாள். எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு நடந்தார். அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்ததா என்று போய்க் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவருக்கு நான் தர வேண்டியது இன்னும் முப்பத்தைந்து ரூபாய்.