ராதோய்காவின் ஸ்லாவாவும் நெவெனாவின் குடுவையும்

நிஷ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், பிரசவ வார்டுக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஓர் அறை இருக்கிறது. ராதோய்காவின் ஆயுசில் பாதி அங்கேதான் கழிந்தது. கர்ப்பிணிகளின் வயிற்றிலிருந்து ஊசியால் எடுத்த பனிக்குடத் தண்ணீர் அவள் கைக்கு வரும். அதில் மிதக்கும் குழந்தையின் செல்களைக் குடுவையில் இட்டு, ஊட்டநீர் ஊற்றி, இளஞ்சூட்டுப் பெட்டியில் வைத்து வளர்ப்பது அவள் வேலை. கேட்க அழகாகத்தான் இருக்கும். செய்து பார்த்தால் தெரியும், முதுகு விட்டுப்போகும்.

அவளை வாட்டியது வேலைகூட இல்லை, "சீக்கிரம்" என்ற சொல். டாக்டர் சீக்கிரம் என்பார். மேல்மாடி நர்ஸ் சீக்கிரம் என்பாள். புருஷன்மார்கள் காப்பிப்பொடிப் பொட்டலத்தைக் கையில் திணித்து, "அக்கா, கொஞ்சம் பாத்து சீக்கிரமா..." என்று இழுப்பார்கள். காப்பியை அவள் குடிப்பாள், சரி. செல் குடிக்குமா? ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்குமுன் தனக்குள் இருக்கும் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். முறுக்கிய ஏணி போன்ற அந்த இழை நடுவே பிரியும். ஒவ்வொரு பாதிக்கும் எதிரே, அதற்குப் பொருந்துகிற புதுப் பாதி எழுத்துக்கு எழுத்து கோக்கப்படும். தப்பாகக் கோத்துவிட்டால் பெரும்பாலும் அங்கேயே வெட்டிவிட்டுத் திருத்தும். அவ்வளவும் முடிந்த பிறகுதான் இரட்டித்த இழைகள் சுருண்டு தடித்து, குரோமோசோம்களாக நுண்ணோக்கியில் தெரியும். அந்தச் சமயம் பார்த்து மருந்து விட்டு நிறுத்த வேண்டும். முந்தினால் கண்ணாடித் தகட்டில் ஒன்றுமே இராது. மந்திரியே வந்து அதட்டினாலும் செல் தன் வேகத்தில்தான் எழுதும்.

ஒரு நவம்பரில் அவளிடம் வந்த குடுவை நெவெனாவுடையது. பேருந்து நிலையத்தில் பூரெக் பலகாரம் விற்கிற பெண். இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே போய்விட்டன, இது மூன்றாவது. ரத்தத்தைச் சோதித்தபோது காரணம் தெரிந்தது. நெவெனாவின் குரோமோசோம்கள் இரண்டு, தங்கள் நுனிகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டிருந்தன. எதுவும் தொலையவில்லை, இடம்தான் மாறியிருந்தது. அதனால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மாறியவை இரண்டும் சேர்ந்து குழந்தைக்குப் போனால் பிழைக்கும், இரண்டுமே போகாவிட்டாலும் பிழைக்கும். ஒன்று மட்டும் போனால்தான் கதை முடிந்தது. மாமியார்க்காரிக்கு இந்த விவரமெல்லாம் எதற்கு? மருமகளை "ஓட்டைப் பானை" என்றே கூப்பிட்டாள், நாசமாய்ப் போக.

இரண்டு குடுவைகளில் வளர்த்ததில் ஒன்று பூஞ்சை பிடித்துப் பாழாயிற்று. மிஞ்சிய ஒன்றில் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சோம்பிக் கிடந்தன. இந்த லட்சணத்தில் மறுநாள் ராதோய்கா வீட்டு ஸ்லாவா. ஸ்லாவா என்கிற அந்த வீட்டுப் புனிதரின் திருநாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்கள் வருவார்கள், வீட்டுக்காரி வாசலில் நிற்க வேண்டும், வேலை எதையும் தொடக்கூடாது. அறையில் அவளோடு வேலை செய்கிற இன்னொருத்தியும் முதுகுவலி என்று விடுப்பில் இருந்தாள்.

"ராதோய்காக்கா, இன்னைக்கே மருந்த விட்டு நிறுத்திடுங்க," என்றாள் டாக்டர் யாஸ்னா. "போன வருஷம் உங்ககூட வேலை பாக்குற பொண்ணு தன் ஸ்லாவாவுக்கு அப்படித்தானே செஞ்சா?"

"செஞ்சா. தகட்டுல ஒண்ணுமே தேறல. அந்த அம்மாவுக்கு மறுபடி ஊசி குத்துனாங்க."

"நாளைக்கு யாரு வருவா? நீங்க வருவீங்களா?"

ராதோய்கா மனசுக்குள் வேலைகளை எண்ணினாள். வீட்டில் முட்டைக்கோஸ் இலையில் சர்மா சுற்ற வேண்டும், கோதுமை வேகவைக்க வேண்டும், பாதிரியார் வந்து ஜெபித்து வெட்டுகிற ரொட்டிக்கு மாவு பிசைய வேண்டும். கால் வீங்கியிருந்தது. மருந்தை எடுத்தாள். குடுவையை நுண்ணோக்கியில் ஒருதரம் பார்த்தாள். பிரியப் போகிற செல் உருண்டு மினுங்கும். அப்படி மூன்றுதான் கண்ணில் பட்டன. மற்றவை தட்டையாக ஒட்டிக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தன. மறுபடி ஊசியென்றால் அதிலேயே கர்ப்பம் கலைந்தாலும் கலையலாம். சனியனே என்று வாய்விட்டுத் திட்டிவிட்டு மருந்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். யாரைத் திட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் காலை, மெழுகுவர்த்தி ஏற்றியாகிவிட்டது, பாதிரியார் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டார் என்று சேதியும் வந்துவிட்டது. ராதோய்கா கோட்டை மாட்டிக்கொண்டாள். அவள் கணவன் மிலுன் வாயைப் பிளந்தான்.

"அடியே, உனக்குப் பித்துக்கித்துப் பிடிச்சிருச்சா? சாமியாரு வர்ற நேரத்துல எங்க கெளம்புற?"

"ரொட்டிய நீயே பிடி. வெட்டத்தான் போறாரு, உன்னையா வெட்டப் போறாரு?"

"வர்றவன் உன்னக் கேட்டா என்னத்தச் சொல்றது?"

"செத்துட்டான்னு சொல்லு. அப்பவாச்சும் ஒருநாள் படுத்துக்கறேன்."

வாசலில் அவன் அக்காள் எதிரே வந்தாள், பார்த்தாள், ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனாள். அது மிலுன் திட்டியதைவிட வலித்தது. பேருந்தில் ராதோய்காவுக்கு அழுகை வந்தது. புனிதரிடம் மன்னிப்புக் கேட்கக்கூடத் தெம்பில்லை.

குடுவையைப் பார்த்ததும் அழுகை நின்றது. எங்கு பார்த்தாலும் உருண்டை உருண்டையாய் மினுங்கின. படியெடுத்து முடித்து, பிரியக் காத்து நின்றன. மருந்து விட்டாள், காத்திருந்தாள், உப்புக் குறைந்த நீரில் ஊறவைத்தாள், தகட்டில் சொட்டினாள். வீடு திரும்பியபோது விருந்தாளிகள் போயிருந்தார்கள். மிலுன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான், முகத்தை மட்டும் திருப்பவில்லை.

அடுத்த நாள் சாயமேற்றிய தகடுகளை அவளும் யாஸ்னாவும் மாறி மாறிப் பார்த்தார்கள். முதல் செல்லில் நுனி மாறிய குரோமோசோம் ஒன்று தெரிந்தது. ஒன்று மட்டும் என்றால் பிழைக்காது. ராதோய்கா மற்றதைத் தேடினாள். இரண்டாவதும் இருந்தது, மற்றொன்றின்மேல் சாய்ந்து கிடந்தது. அடுத்த செல்லிலும் இரண்டும் இருந்தன, அதற்கடுத்ததிலும் இருந்தன. தாயிடமிருந்து வந்ததைத்தான் ஒவ்வொரு செல்லும் ஒரு துணுக்கு விடாமல் எழுதி வைத்திருந்தது.

"நீங்களே போய்ச் சொல்லிடுங்கக்கா," என்றாள் யாஸ்னா.

நெவெனா நடைவழியில் நின்றிருந்தாள். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டாள் போலிருந்தது.

"உன்ன மாதிரியேதான் இருக்கு," என்றாள் ராதோய்கா.

நெவெனாவின் முகம் வெளுத்துவிட்டது. "என்ன மாதிரியா? அப்போ அதுவும் ஓட்டையா? இதுவும் போயிடுமாக்கா?"

ராதோய்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன்டி, நீ செத்தா போயிட்ட? நடக்குற, விடியறதுக்கு முன்ன எந்திரிச்சுப் போயி பூரெக் விக்குற, மாமியாரோட மல்லுக்கட்டுற. உனக்கென்ன கொறச்சல்? இதுவும் அதையேதான் செய்யும்!"

நெவெனா வாயைப் பொத்திக்கொண்டு, சுவரோடு சரிந்து, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அவளைத் தூக்கிவிடத்தான் ராதோய்கா குனிந்தாள். கால் தாங்கவில்லை, அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.