வறண்ட கண்ணில் வழிந்த நீர்

திண்டிவனம் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனுக்கள் டைப் அடிக்கிறேன். ஒருநாள் முற்பகலில் விவாகரத்து மனு ஒன்றை அடித்துக்கொண்டிருந்தபோது இரண்டு கண்ணிலிருந்தும் நீர் வழிந்து கீபோர்டில் சொட்டியது. மனு கொடுக்க வந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காக நீங்க ஏங்க்கா அழுவுறீங்க?"

நான் அழவில்லை.

அதற்கு முந்தைய வருடம்தான் எனக்குக் கண் அழுத்த நோய் (கண்ணுக்குள் நீரழுத்தம் கூடிப் பார்வை நரம்பை அரிக்கும் நோய்) இருப்பதை விழுப்புரத்தில் கண்டுபிடித்தார்கள். தினமும் படுக்கப் போகுமுன் இரு கண்ணிலும் ஒரு சொட்டு மருந்து. ஆயுசுக்கும் நிறுத்தக்கூடாது என்றார் டாக்டரம்மா.

சில மாதங்களில் எரிச்சல் தொடங்கியது. பஸ் ஜன்னல் காற்று, மின்விசிறி, கம்ப்யூட்டர் திரை, எது பட்டாலும் நீர் வழியும். எழுத்து மங்கும், இமைத்தால் தெளியும், மறுபடி மங்கும். சொட்டு விட்டதும் மிளகாய்க் கை பட்டதுபோல் இருக்கும்.

கடையில் என்னோடு வேலை செய்பவள் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டாள். மல்லாட்டை (நிலக்கடலை) மண்டியில் எடை போடும் என் கணவர் ஒரு சாயங்காலம் முகம் சுண்டி வந்தார்.

"நான் உன்ன அடிக்கிறேனாம். கடைத்தெருவுல பேசிக்கினு இருக்காங்க."

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. கண்ணு தானா ஊத்துது."

அவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து நான் சொட்டு விடுவதை நிறுத்தினேன். அவரிடம் சொல்லவில்லை. எரிச்சல் மெல்லத் தணிந்தது, நீர் வழிவதும் குறைந்தது. கண் அழுத்தம் வலிக்காது. அதனால் குணமாகிவிட்டதாகவே நினைத்தேன்.

ஐந்து மாதம் கழித்து வழக்கமான பரிசோதனைக்கு இருவரும் விழுப்புரம் போனோம். பார்வைப் பரப்புச் சோதனை (ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும்) முடிந்தது. டாக்டரம்மா பழைய தாளையும் புதிய தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இடக்கண்ணுல ஓரமா பார்வை கொறஞ்சிருக்கு. மருந்து விடுறீங்களா?"

சொல்லிவிட்டேன், கடைத்தெருப் பேச்சு உட்பட. கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

டாக்டரம்மா கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டு வைத்து, இமைக்காமல் இருக்கச் சொல்லி எண்ணினார். மூன்றாவது எண்ணிலேயே கண்ணீர்ப் படலம் (கண்மேல் பரவியிருக்கும் மெல்லிய ஈரப் போர்வை) உடைந்தது.

"உங்க கண்ணு காஞ்சி கெடக்குது. அந்த உறுத்தல்லதான் தண்ணி கொட்டியிருக்கு. மருந்து கெடாம இருக்கச் சேக்குற பொருள் சிலருக்கு ஒத்துக்காது. எரியுதுன்னு அப்பவே வந்திருந்தா வேற மருந்து குடுத்திருப்பேன்."

"போன பார்வை?"

"அது வராதும்மா. இருக்கறதக் காப்பாத்திக்கலாம்."

திரும்பி வரும் பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டியதும் அவர் கேட்டார்.

"எனக்காகவா நிறுத்தின?"

"உங்களத் தப்பா பேசினாங்க."

"பேசிட்டுப் போறாங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

இப்போது தினமும் காலையில், அந்தப் பொருள் சேராத சொட்டு மருந்து. பகலில் நான்கு முறை செயற்கைக் கண்ணீர். காலையில் வெதுவெதுப்பான துணியால் இமைக்கு ஒத்தடம். டைப் அடிக்கும்போது வரிக்கு ஒருமுறை இமையை முழுசாக மூடித் திறக்கிறேன். எரிச்சல் அடங்க இரண்டு மாதமானது. இதுபோல் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: எரிந்தால் போய்ச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரண்டு கண்ணும் திறந்திருந்தால் எனக்குக் குறை எதுவும் தெரிவதில்லை. காலையில் வலக்கண்ணில் சொட்டு விட்டு அதை மூடிக்கொண்டு உட்காரும் இரண்டு நிமிடம்தான் நோயோடு நான் தனியாக இருக்கும் நேரம். அப்போது இடக்கண்ணில் மூக்கோரம், கீழே, ஒரு துண்டு உலகம் இருக்காது. இருட்டாகக்கூட இருக்காது. அந்த இடமே இல்லை, அவ்வளவுதான்.

"டீ வச்சிருக்கேன்" என்பார் அவர். அவர் முகம் தெரியும், டம்ளர் தெரியாது. தலையை மெல்லத் திருப்புவேன். எங்கிருந்தோ வந்ததுபோல் டம்ளர் வந்து நிற்கும், ஆவியோடு.