எனக்கும் பயமா இருக்கு

எழுபதுகளின் கடைசியில், என் கணவருக்குப் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால், ஈரோட்டுப் பக்கத்திலிருந்து புனேவுக்குக் குடிபோனோம். சாங்வியில் ஒற்றை அறை வீடு. அவருக்கு ஷிப்ட் வேலை. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்குவார். அக்கம்பக்கத்துப் பெண்கள் முதல் மாதம் என்னிடம் பேசிப் பார்த்தார்கள். எனக்கு இந்தியும் தெரியாது, மராட்டியும் தெரியாது. சிரித்துத் தலையாட்டினேன். பிறகு அவர்களும் சிரிப்போடு நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாவது படித்த என் மகள் பள்ளியிலிருந்து வரும்வரை, என் குரலை நானே கேட்காத நாட்கள் உண்டு.

ஆனால் அவளிடம் எதையும் காட்டிக்கொண்டதில்லை. அம்மா பயந்தால் பிள்ளையும் பயந்துவிடும் என்று நினைத்தேன். எல்லாம் தெரிந்தவள் போலவே நடந்துகொண்டேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் அவளுடைய டீச்சர் என்னை வரச்சொல்லியிருந்தார். அவர் இந்தியில் நிறைய நேரம் பேசினார். நான் "அச்சா, அச்சா" என்றேன். வெளியே வந்து, "என்ன கண்ணு சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"நான் நல்லாப் படிக்கிறேனாம், அம்மா."

பஸ் நிறுத்தத்தில் மழை வலுத்தது. அந்த ஊர் பஸ்களில் எண்களும் மராட்டி எழுத்தில்தான் இருக்கும். கடைசி எண்ணில் கீழே வால் தொங்கினால் எங்கள் பஸ் என்று அடையாளம் வைத்திருந்தேன். வால் தெரிந்ததும் ஓடினேன். "இது நம்ம பஸ் இல்லம்மா" என்று அவள் கையை இழுத்தாள். "எனக்குத் தெரியும், ஏறு" என்று அதட்டி ஏற்றினேன்.

நெரிசலில் கண்டக்டர் எங்களிடம் வந்து சேர்வதற்குள் பஸ் வெகுதூரம் போயிருந்தது. சாங்வி என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, மணியடித்து எங்களை இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கம் கைகாட்டினார். அது ஊரின் மறுகோடியில் இருக்கும் கேம்ப் பகுதி என்று பின்னால்தான் தெரிந்தது.

எதிர்ப்பக்கம் போய் நின்றோம். ஒரு பஸ் வந்தது, போனது. இன்னொன்று. மூன்றாவதும் போனது. எல்லாவற்றிலும் வால் இருப்பது போலவும் இல்லாதது போலவும் தெரிந்தது. மகள், எந்த பஸ் என்று நான் சொல்வதற்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் அத்தனை ஜனம். ஒருவரிடம் கேட்கக்கூட எனக்கு வார்த்தை இல்லை. அங்கேயே ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"கண்ணு, அம்மாவுக்கு பஸ் நம்பர் படிக்கத் தெரியாது. உன்ற டீச்சர் பேசினதும் ஒண்ணுமே புரியல. இந்த ஊருக்கு வந்ததுல இருந்து எனக்குப் பயமாவே இருக்கு சாமி."

சொன்னதும் அழுகை வந்தது. அவளும் அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். மெதுவாகச் சொன்னாள்.

"டீச்சர் அப்படிச் சொல்லலம்மா. நான் யார்கூடவும் பேசறதே இல்லையாம். சாப்பிடறப்பவும் தனியா உக்காந்துக்கறேனாம். நீ கவலைப்படுவீன்னுதான் மாத்திச் சொன்னேன்."

எட்டு வயதுப் பிள்ளை. நான் அவளிடம் மறைத்த அதே காரணத்துக்காக அவளும் என்னிடம் மறைத்திருக்கிறாள். அந்த வித்தையை நான்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்து வந்த பஸ்களை அவள்தான் படித்தாள். சரியான பஸ்ஸில் வீடு சேர்ந்தோம்.

மறுநாள் மறுபடி பள்ளிக்குப் போனேன். மகள் சொல்லித்தந்த ஐந்தாறு இந்தி வார்த்தைகளைத் தப்பும் தவறுமாக டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, புரியும்வரை நிதானமாகப் பேசினார். உடனே எல்லாம் மாறிவிடவில்லை. மகளுக்கு ஒரு தோழி கிடைக்க அந்த வருடம் முடிய வேண்டியிருந்தது. எனக்கு அதைவிட நாளானது. ஆனால் அவள் வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு யாருமே என்கூடப் பேசலம்மா" என்று சொல்வாள். "என்கூடவும்தான்" என்பேன். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து டீ குடிப்போம்.

இன்று அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். போனில் அவள் "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லும்போது குரலில் ஏதோ இருந்தால், நான் துருவிக் கேட்பதில்லை. அந்த நேரத்தில் என் மனதை எது அரிக்கிறதோ, அதை முதலில் நான் சொல்லிவிடுகிறேன்.