லயத்தைச் சுற்றிய கேஸ் அடுப்பு

அக்கரப்பத்தனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, விஜேந்திரன் எங்கே இருக்கிறார் என்று கேட்டால், "பேப்பர் எழுதுற விஜேந்திரனா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கேள்வியிலேயே அவருடைய வாழ்க்கையில் பாதி அடங்கிவிடும். மீதியை நான் சொல்கிறேன். அவர் குடியிருக்கும் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் தோட்டத்து வீடுகளில்தான், நானும் இருக்கிறேன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நாள் முழுக்கப் பிள்ளைகளோடு இருப்பதால், பெரியவர்கள் அடிக்கும் கூத்து எனக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

விஜேந்திரன் சின்ன வயதிலேயே கினிகத்தேனைக்குத் துணிக்கடை வேலைக்குப் போனவர். அங்கே துணி மடித்ததைவிட வாடிக்கையாளர்களோடு வாய் பேசியதுதான் அதிகம். அதனால் சிங்களம் சரளமாக வந்தது. கூடவே தொப்பையும் தலைக்கனமும் வந்தன. திரும்பி வந்து, கடைத்தெருவில் ஒரு போட்டோகொப்பி மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடையாள அட்டையா, பிறப்புச் சான்றிதழா, எந்த விண்ணப்பமானாலும் அவரிடம்தான் போக வேண்டும் என்று ஆகிவிட்டது. "என் கையால போன பேப்பர் ஒன்னுகூட திரும்பி வந்ததில்ல" என்பார். வராமல் என்ன? நிறைய வந்திருக்கின்றன. வந்தவை அவர் கணக்கில் சேராது. அவை எழுதக் கொடுத்தவனின் கெட்ட நேரம்.

போன வருடம் வெளிநாட்டு உதவியோடு ஒரு திட்டம் வந்தது. விறகை அள்ளித் தின்றுவிட்டு, சூட்டை வெளியே விட்டு, புகையை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளும் வீடுகளுக்கான திட்டம். தகரத்துக்குக் கீழே குளிரைத் தடுக்கும் சீலிங் அடித்துத் தருவார்கள். ஜன்னலுக்குக் கண்ணாடி, புகைபோக்கி வைத்த அடுப்பு எல்லாம் உண்டு. எங்கள் லயத்தை எட்டிப் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருந்தது. லயம் எங்கள் பெயரில் இல்லை என்ற பழைய தொல்லைகூட இல்லை. தோட்ட ஆபீஸ் கடிதம் போதும் என்றுவிட்டார்கள். ஒரு அதிகாரி வந்து வீட்டைப் பார்ப்பார். குளிரும் புகையும் இருக்கிற வீட்டுக்குக் கிடைக்கும், இல்லாத வீட்டுக்குக் கிடைக்காது. இதைவிடச் சுலபமான பரீட்சை உலகத்தில் இருக்குமா என்று தெரியவில்லை. எங்கள் லயம் அதிலும் தோற்றது.

எல்லோரையும்விட அது வேலாயி அக்காவுக்குத்தான் வேண்டியிருந்தது. எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரே சுவர். கொழுந்துக்கூடையைச் சுமந்தே முதுகு வளைந்தவர். புருஷன் இல்லை, மகள் கொழும்பில். விடியற்காலையில் அவர் இருமத் தொடங்கினால் என் வீட்டுச் சாமான்கள் அதிர்வதுபோல இருக்கும். நுவரெலியா ஆஸ்பத்திரியில் டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார்: நுரையீரல் புகையில் கெட்டுவிட்டது, இன்னொரு குளிர்காலத்தை இதே அடுப்போடு கழித்தால் தாங்காது. ஆக, மற்றவர்களுக்கு அது சீலிங். வேலாயி அக்காவுக்கு அது மூச்சு.

அதிகாரி வரும் தேதி தெரிந்ததும் விஜேந்திரன் லயத்து வாசலில் கூட்டம் போட்டார். விண்ணப்பம் ரிஜெக்ட் ஆகாமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு பிரசங்கம். அத்தனைக்கும் சாரம் ஒன்றுதான்.

"வர்றவங்க முகம் சுளிக்கக் கூடாது. அழுக்கு வீட்டுக்கு எவனும் குடுக்க மாட்டான். வீடுன்னா வீடு மாதிரி இருக்கணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டாமல் என்ன செய்வார்கள்? லயம் பார்க்க மேலிடத்து ஆள் வந்தால் பரம்பரையாக நாங்கள் செய்வது அதுதானே. தோட்டத்தை நடத்தும் தொரை வருகிறார் என்றால் ஒட்டடை அடிப்போம், சுண்ணாம்பு பூசுவோம், கோழியைக் கூடையால் மூடுவோம். விஜேந்திரனின் அப்பா ஒருமுறை ஒட்டடையோடு மாட்டிக்கொண்டார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், எல்லோருக்கும் முன்னால் நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார்களாம். சின்னப் பையனாக விஜேந்திரன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அதை நினைத்தால் எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் தொரை அழுக்கைத் தேடி வந்தது திட்டுவதற்கு. இந்த அதிகாரி அழுக்கைத் தேடி வந்தது கொடுப்பதற்கு. இந்த வித்தியாசம்கூடத் தெரியாத மனுஷனுக்கு என்ன ஊர்ப்பட்ட ஆலோசனை வேண்டிக்கிடக்கிறது?

முதல் நாளே தொடங்கிவிட்டார்கள். தகரத்து ஓட்டைகளில் துணியை அடைத்தார்கள். வேலாயி அக்கா முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, எத்தனையோ வருடத்துக் கரியைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். சுரண்டச் சுரண்ட இருமினார், இருமிக்கொண்டே சுண்ணாம்பு பூசினார். எதற்கு இந்த வேலை என்று நான் கேட்டதற்கு, வீட்டுக்கு வருகிறவர்களை அப்படியேவா உட்கார வைப்பது என்றார். பூ போட்ட திரை ஒன்றும் இரவல் வந்தது.

எல்லாவற்றுக்கும் சிகரம் அந்தக் கேஸ் அடுப்பு. லயத்திலேயே கேஸ் அடுப்பு இருந்தது விஜேந்திரன் வீட்டில் மட்டும்தான். மகாலட்சுமி படம் போட்ட மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, நேற்று வாங்கியதுபோல மினுமினுக்கும். வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தால் வருகிறவர்களுக்கு ஒரு மரியாதை வரும் என்று அவர் முடிவு செய்துவிட்டார். விறகடுப்பின்மேல் பலகையைப் போட்டு, துணியை விரித்து, அதன்மேல் கேஸ் அடுப்பை வைக்க வேண்டும். அதிகாரி முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையில் சோடா குடித்துக்கொண்டு எழுதும்போது, அடுப்பு பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

அப்படியே நடந்தது. நுவரெலியாவிலிருந்து அதிகாரியாக சர்மிளா மிஸ் வந்தார். முன்பக்கம் அவர் வீடு வீடாக ஏற, பின்பக்கம் விஜேந்திரன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு சாக்கடைக் கானைத் தாண்ட, அவர் மச்சான் அழகுமுத்து சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட, ஒரே திருவிழா. சிலிண்டர் அவருக்குத் தலையணை கனம்கூட இல்லை போலிருந்தது. என் வீட்டுக்கும் வந்தார்கள். வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் என் மாமியார் பின்கதவைத் திறந்துவிட்டார். கடைசி வீட்டுக்குப் போகும்போது சிலிண்டர் பின்தங்கிவிட்டது. கேஸே இல்லாமல் கேஸ் அடுப்பு தனியாக உட்கார்ந்திருந்தது. சர்மிளா மிஸ் அதையும் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். எட்டு வீட்டிலும் அதே மகாலட்சுமி எப்படிச் சிரிக்கிறாள் என்று அந்தப் படித்த பிள்ளைக்கும் தோன்றவில்லை.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. எட்டு வீட்டுக்கும் இல்லை. எரிவாயு அடுப்பு உள்ளது, புகைப் பாதிப்பு காணப்படவில்லை, கூரை நல்ல நிலையில் உள்ளது. விஜேந்திரன் படித்துவிட்டு, ஆபீசில் ஏதோ அரசியல் நடந்திருக்கிறது என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவருடைய போட்டோகொப்பி மெஷினைத் தூக்கி ஆற்றில் போட்டிருப்பேன். அந்த மழைக்காலத்தில் வேலாயி அக்காவை இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டாம் தடவை, திரும்பி வருவாரா என்றே எனக்குச் சந்தேகம்.

வந்தார். வந்ததும், மேன்முறையீடு செய்யலாம் என்று கடிதத்தின் அடியில் இருந்ததை என்னைப் படிக்கச் சொன்னார். ஒரு தடவைதான் செய்யலாம், அதோடு முடிந்தது. விஜேந்திரனிடம் போகாமல் நாங்களே எழுதிப் போட்டோம். வேலாயி அக்கா வீட்டை மட்டும் மறுபடி பார்க்க வருவதாகப் பதில் வந்தது. அதற்குள் சுண்ணாம்புச் சுவர் பழையபடி கறுத்துவிட்டிருந்தது.

இந்த மாதிரி விஷயம் காதுக்கு எட்டாமல் இருந்தால் அவர் விஜேந்திரனா? முதல் நாள் சாயந்தரமே சுண்ணாம்பு வாளியும் கேஸ் அடுப்புமாகப் பின்வாசலில் நின்றார்.

"தம்பி, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் வேலாயி அக்கா.

"அக்கா, இதுதான் கடைசி சான்ஸ். இந்தக் கோலத்துல பாத்தாங்கன்னா காறித் துப்பிட்டுப் போயிருவாங்க."

"துப்பட்டும்."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். கெட்டிக்காரி என்று நான் சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதார். வருகிற பிள்ளையை அந்தக் கரிக்குள்ளே எப்படி உட்கார வைப்பது, நம்மைப் பற்றி என்ன நினைக்கும் என்று அழுதார். சாவுக்குக்கூட அவர் அவ்வளவு பயப்பட்டு நான் பார்த்ததில்லை.

மறுநாள் மழை. விறகெல்லாம் ஈரம். சர்மிளா மிஸ் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். இரவல் நாற்காலி இல்லை, சோடா இல்லை. பலகையில் உட்கார வைத்துவிட்டு, வேலாயி அக்கா தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினார். வீட்டுக்கு வந்தவர்கள் தேத்தண்ணி குடிக்காமல் போகக் கூடாது, அவ்வளவுதான் அவர் நினைப்பு. காம்பரா முழுக்கப் புகை எழும்பியது. வாசலில் நின்ற எனக்கே கண் எரிந்தது. சர்மிளா மிஸ் கண்ணைக் கசக்கினார், கைலேஞ்சியால் மூக்கைப் பொத்தினார், பிறகு வெளியே நிற்கிறேன் என்று எழுந்தார்.

"கொஞ்சம் இருங்க மிஸ், தண்ணி இன்னும் கொதிக்கல" என்றார் வேலாயி அக்கா. "நான் தெனம் இதுக்குள்ளதான் நிக்கிறேன். ஒன்னும் ஆகாது." சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார்.

சர்மிளா மிஸ் மறுபடி உட்கார்ந்தார். இருமல் அடங்கியதும் மெதுவாகக் கேட்டார். "போன தடவ கேஸ் அடுப்பு இருந்துச்சே, அம்மா?"

விற்றுவிட்டோம் என்று பொய் சொன்னால் கேள்வி அதோடு முடிந்துவிடும். உண்மையைச் சொன்னால், ஏமாற்றுக்காரர்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளிவிடலாம். வேலாயி அக்கா யோசிக்கவே இல்லை.

"அது எங்களது இல்ல மிஸ். விஜேந்திரன் தம்பியோடது. நீங்க வர்றீங்கன்னு ஒரு மரியாதைக்கு வச்சோம். எல்லா வீட்டுக்கும் அதுதான் போச்சு."

சர்மிளா மிஸ் அந்த விறகடுப்பைத் திரும்பிப் பார்த்தார். அந்த மஞ்சள் ஸ்டிக்கர் இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும், முகம் சிவந்துவிட்டது. தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தார். மற்ற வீடுகளையும் திரும்ப வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

குளிர் இறங்குவதற்குள் வேலாயி அக்கா வீட்டுக்குச் சீலிங் அடித்து, புகைபோக்கியும் வைத்துவிட்டார்கள். இருமல் பறந்துபோய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன், கெட்டது கெட்டதுதான். ஆனால் இப்போது ராத்திரி தூங்குகிறார், நானும் தூங்குகிறேன்.

நம் ஆள் சும்மா இருப்பாரா? கரியை அப்படியே காட்டியது தன்னுடைய யோசனை என்று கடைத்தெரு முழுக்கப் பரப்பிவிட்டார். சர்மிளா மிஸ் மற்ற வீடுகளுக்கு வருவதற்கு முதல் நாள், அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து ஒரு டின்னில் எடுத்துக்கொண்டு, பழைய பிரஷ்ஷோடு லயத்து வாசலில் மறுபடி கூட்டம் போட்டார். சுவர் நன்றாகக் கறுத்திருந்தால்தான் ரிஜெக்ட் ஆகாதாம். போன தடவை சுண்ணாம்புக்குத் தலையாட்டிய அதே தலைகள் இப்போது கரிக்கும் ஆடின.

வேலாயி அக்கா இஸ்தோப்பை விட்டு இறங்கி வந்தார். டின்னை எட்டிப் பார்த்தார். பிறகு விஜேந்திரன் வீட்டுப் பக்கம் திரும்பினார். அங்கே தகரத்து இடுக்கில் புகை கசிந்துகொண்டிருந்தது.

"உங்க கேஸ் அடுப்பு எரிஞ்சு எத்தன வருஷம் ஆச்சு, தம்பி? உங்க பொஞ்சாதி ஜெயலெட்சுமியும் விறகுலதானே ஆக்குது. யாரும் எதையும் பூச வேணாம். இருக்கிறதே போதும்."

விஜேந்திரன் பிரஷ்ஷைப் பிடித்தபடி நின்றார். உள்ளே அவர் மனைவி இருமுவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.